ராத்திரி சார்ஜ், 80 சதவீதக் கணக்கு, 67 வாட் சார்ஜர்: பேட்டரியை உண்மையில் எது தின்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 5000 எம்ஏஎச் பேட்டரியும் 67 வாட் சார்ஜரும் உள்ள புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர், "முதல் தடவை எட்டு மணி நேரம் போடுங்க, அப்புறம் ஜீரோ ஆனாத்தான் சார்ஜ் போடணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அலுவலக நண்பரோ 20-க்குக் கீழே விடாதே, 80-க்கு மேலே ஏற்றாதே என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் படுக்கும்போது சொருகிவிட்டுக் காலையில் எடுப்பதுதான் பழக்கம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "நாலு வருஷம் ஓட்டணும்" என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் போனை மாற்றுகிறவர் என்றால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிடலாம். எப்படிச் சார்ஜ் போட்டாலும் அதற்குள் பெரிதாக ஒன்றும் தெரியாது. நாலு வருடம் என்றால் கணக்கு வேறு.

பேட்டரியை வயதாக்குவதில் முதல் இடம் சூட்டுக்கு. இரண்டாவது, நிரம்பிய நிலையிலேயே நெடுநேரம் கிடப்பது. இரண்டும் ஒன்றுசேரும்போதுதான் சேதம் அதிகம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொருகுகிறோம், எத்தனை சதவீதத்தில் சொருகுகிறோம், சார்ஜர் எத்தனை வாட் என்பதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். கடைக்காரர் சொன்னது தவறு. நண்பர் சொன்னதில் மேல்பாதி சரி, கீழ்பாதி அவ்வளவு முக்கியமில்லை. வீட்டுப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. போனில் ஒரு செட்டிங்கை மாற்றி, சார்ஜ் போடும் இடத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும்.

காரணம் தெரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். போன் பேட்டரி என்பது லித்தியம் அயான் வகை மின்கலம், சுருக்கமாகச் செல். அதில் ஒரு முனையில் கிராஃபைட், மறுமுனையில் பெரும்பாலும் கோபால்ட் ஆக்சைடு, நடுவே மின்பகு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பிப் போய் கிராஃபைட் அடுக்குகளுக்குள் உட்காருகின்றன; போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று தொழிற்சாலையில் நடக்கும் முதல் சார்ஜிலேயே படிந்துவிடும். அது இல்லாமல் செல் தாங்காது. ஆனால் அது அதே கனத்தில் நிற்பதில்லை. நாளாக ஆகத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்கும். விழுங்கிய லித்தியம் திரும்பாது. போன வருடம் ராத்திரி வரை நின்ற சார்ஜ் இந்த வருடம் சாயங்காலமே தீர்ந்துபோகிறது என்றால், உள்ளே நடந்தது பெரும்பாலும் இதுதான். ஆக்சைடு முனையில் இன்னொரு வேலை நடக்கிறது: மின்னழுத்தம் உயர உயர அங்கே திரவம் சிதைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயு உண்டாகி, செல்லின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, ஏறுகிறது. எல்லாமே வேதிவினைகள். 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்த விதி இங்கேயும் தோராயமாகப் பொருந்தும்.

பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளத்தில் உள்ள ஓர் அட்டவணையை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். செல்லைப் பயன்படுத்தாமல் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் கொள்ளளவு எவ்வளவு மிஞ்சும் என்பது அதில் இருக்கிறது. 25 டிகிரியில் 40% சார்ஜோடு வைத்தால் 96% மிச்சம். அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80%. 40 டிகிரியில் 40% சார்ஜோடு 85%, முழுச் சார்ஜோடு 65%. இப்போதைய போன் செல்கள் இதைவிடத் தேறியவை, அதனால் இந்த எண்களை உங்கள் போனுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆனால் எண்கள் நகரும் திசையைப் பாருங்கள். ஒரு தடவைகூடச் சார்ஜ் போட்டு இறக்காமலேயே, சூட்டோடு நிரம்பிக் கிடந்ததற்காக மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. "ரொம்பத் தடவை சார்ஜ் போட்டால் கெட்டுவிடும்" என்ற பயத்தைவிட இது பெரிய விஷயம்.

நம் ஊரில் சூடு என்பது ஏட்டுக் கணக்கில்லை. மே மாதம் வேலூரிலும் திருச்சியிலும் நிழலிலேயே 40 டிகிரி. பைக் ஹேண்டில் பாரில் போனை மாட்டி, திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து, மேப் ஓட, பக்கத்திலேயே யுஎஸ்பி சார்ஜரும் சொருகி மதிய வெயிலில் ஓட்டும் டெலிவரிக்காரரின் பேட்டரிக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும்; அங்கே போனைச் சார்ஜ் போடாமல் விட்டுவிட்டுப் போனாலும் அடி விழும். வீட்டுக்குள் நடப்பது சின்னச் சின்னது, ஆனால் தினமும் நடப்பது: தலையணைக்கு அடியில், மெத்தை மேல் கவிழ்த்து, செட்டாப் பாக்ஸ் மேல், இன்வெர்ட்டர் மேல், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டை ஒட்டி. இந்த இடங்களில் போன் தன் சூட்டை வெளியே தள்ள முடியாது, அல்லது இன்னொன்றின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. மரமேசை, கடப்பா கல் அலமாரி, வெறும் டைல்ஸ் தரை எதுவானாலும் சரி. மின்விசிறிக் காற்று படும் இடம் இன்னும் நல்லது. தடித்த ரப்பர் பேக் கவர் இருந்தால் வேகச் சார்ஜ் போடும் அரை மணிக்குக் கழற்றி வைக்கலாம். ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் குளிர்விக்க மட்டும் வேண்டாம். உள்ளே ஈரம் பனித்துப் பேட்டரியை விட்டுப் போர்டைக் கெடுக்கும்.

சூட்டைக் கையால் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போனின் பின்பக்கம் மேலே, கேமராவை ஒட்டி மட்டும் சுடுகிறதென்றால் அது பெரும்பாலும் புராசசரின் சூடு. நடுவிலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுடுகிறதென்றால் பேட்டரியே சூடாகியிருக்கிறது. சரியான எண் வேண்டுமென்றால் அக்யூபேட்டரி போன்ற செயலிகள் பேட்டரியின் வெப்பநிலையை டிகிரியில் காட்டும். போனுக்குள் இருக்கும் சென்சாரின் அளவு அது. சார்ஜ் ஏறும்போது 35, 37 என்றால் கண்டுகொள்ள வேண்டாம். 40-ஐத் தாண்டி நின்றால் கவரைக் கழற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நிறுத்துங்கள். 45-ஐ நெருங்கினால் பெரும்பாலான போன்கள் தாமாகவே சார்ஜ் வேகத்தைக் குறைக்கும், சில நிறுத்தியே விடும். மே மாதத்தில் "சார்ஜர் கெட்டுப்போச்சு, ஸ்லோவா ஏறுது" என்று கடைக்கு வரும் புகார்களில் ஒரு பங்கு இதுதான். சார்ஜர் நன்றாக இருக்கிறது, போன் தன்னைக் காத்துக்கொள்கிறது.

அடுத்தது நிரம்பிக் கிடப்பது. பழைய லித்தியம் செல்கள் 4.2 வோல்ட்டில் நிரம்பும். அதே அளவுக்குள் கூடுதல் எம்ஏஎச் அடைக்க வேண்டும் என்பதற்காக இப்போதைய போன் செல்களை 4.4 வோல்ட்டை ஒட்டியும் தாண்டியும் ஏற்றுகிறார்கள். அதாவது திரையில் தெரியும் 100% என்பது செல்லை அதன் விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கும் நிலை. 80% என்றால் மின்னழுத்தம் அதைவிட இரண்டு, மூன்று பத்தில் ஒரு வோல்ட் குறைவாக இருக்கும். சின்ன எண்போலத் தெரியும். ஆனால் உச்ச மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் குறைத்தால் செல்லின் சுழற்சி ஆயுள் (எத்தனை தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பது) ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழைய கைக்கணக்கு. உங்கள் செல்லுக்கு அது அப்படியே இரட்டிக்குமா என்பது வேறு. ஆயுள் கூடும் என்பதில் ஐயமில்லை.

இனி ராத்திரிக் கதை. விடிய விடியச் சார்ஜில் கிடந்தால் "ஓவர்சார்ஜ்" ஆகி வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. நிரம்பியதும் போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் நிறுத்திவிடும். போன் சார்ஜரிலிருந்தே ஓடும். ஒன்றிரண்டு சதவீதம் இறங்கினால் மறுபடி கொஞ்சம் ஏற்றும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 67 வாட் சார்ஜர் உங்கள் போனை ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். 11 மணிக்குச் சொருகினால் நள்ளிரவில் 100. காலை 6 மணிக்குத்தான் எடுக்கிறீர்கள். தினமும் ஆறு மணி நேரம் உச்ச மின்னழுத்தத்தில் கிடக்கிறது. வருடத்துக்கு 2190 மணி நேரம், அதாவது 91 நாட்கள். வருடத்தில் கால்வாசி, அதுவும் ஏசி இல்லாத அறையென்றால் 30 டிகிரிக்கு மேல். கவலைப்பட வேண்டியது இந்தக் கால்வாசியைப் பற்றித்தான்.

இதற்கு விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து கேபிளைப் பிடுங்க வேண்டாம். இரண்டு வகை ஏற்பாடுகள் போனிலேயே வந்துவிட்டன. ஒன்று, நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80-ல் நிறுத்தி வைத்து, எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் மீதியை ஏற்றுவது. ஐபோனில் இது 2019-ல் ஐஓஎஸ் 13-ஓடு வந்தது. ஆண்ட்ராய்டில் அடாப்டிவ் சார்ஜிங், ஸ்மார்ட் சார்ஜிங் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுகிறவர்களுக்குத்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் என்று மாறுகிறவர்களின் போன் குழம்பிப்போய் வழக்கம்போல 100-க்கு ஏற்றிவிடும். இன்னொன்று, 80-க்கு மேல் ஏறவே ஏறாது என்று பூட்டிவிடுவது. சாம்சங்கில் பேட்டரி புரொடெக்ஷன் என்றும், ஐபோன் 15 முதல் சார்ஜ் லிமிட் என்றும் இருக்கும், பிக்சலிலும் உண்டு. உங்கள் போனில் செட்டிங்ஸுக்குப் போய் பேட்டரி என்று தேடி, பேட்டரி ஹெல்த் அல்லது சார்ஜிங் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நாலு வருடக் கணக்குக்கு இந்தப் பூட்டுத்தான் என் தேர்வு. போட்டுவிட்டு மறந்துவிடலாம். எப்போதாவது ஒரு நாள் பூட்டையும் மீறி 100 காட்டினால் பயப்படாதீர்கள்; சதவீதம் காட்டும் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள ஐபோன் போன்றவை வேண்டுமென்றே அப்படிச் செய்யும்.

பூட்டு வசதியே இல்லாத போன் என்றால் ராத்திரியை விட்டுவிட்டுக் காலையில் போடுங்கள். பல் தேய்த்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்துக்குள் உங்கள் சார்ஜர் 20-லிருந்து 80-ஐத் தாண்டிவிடும். வேகச் சார்ஜரின் உண்மையான பயனே இதுதான் என்பேன்.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். நாலு வருடம் கழித்து 20% போய்விடுமோ என்று பயந்து, இன்றைக்கே 20%-ஐ விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமா? 80-ல் பூட்டினால் 5000-ல் 4000 எம்ஏஎச்தான் கையில். அந்த 4000-ல் உங்கள் நாள் முடிந்து ராத்திரி 20, 25 மிச்சம் இருக்கிறதென்றால் நீங்கள் எதையும் இழக்கவில்லை, பூட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கே பவர் பேங்க் தேடுகிறீர்கள் என்றால் பூட்டைத் திறந்துவிடுங்கள். போன் உங்களுக்காகத்தான், பேட்டரிக்காக நீங்கள் இல்லை. ஊருக்குப் போகும் நாளில் 100 போட்டுக்கொண்டு போவதால் ஒன்றும் குறையாது. 100 ஆனதும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் சேதம் சொற்பம்.

நண்பர் சொன்ன 20 என்ற கீழெல்லையைப் பற்றி. திரையில் 0% காட்டிப் போன் அணையும்போது செல் உண்மையில் காலியாகிவிடுவதில்லை. கம்பெனியே கொஞ்சம் இடம் விட்டுத்தான் 0 என்று குறிக்கிறது. அவ்வப்போது 10, 5 என்று போவதால் பேட்டரிக்கு ஆபத்தில்லை. அணைந்த போனை அப்படியே அலமாரியில் வாரக்கணக்கில் போட்டுவிடுவதுதான் ஆபத்து. தானே இறங்கி இறங்கி மின்னழுத்தம் எல்லைக்கும் கீழே போய்விட்டால் பாதுகாப்புச் சுற்று செல்லைத் துண்டித்துவிடும், அப்புறம் சார்ஜர் சொருகினாலும் எழாது. இதில் ஒரு விதிவிலக்கு. இப்போது 6000, 7000 எம்ஏஎச் என்று வரும் சில போன்களில் கிராஃபைட்டோடு சிலிக்கன் கலந்திருக்கும். சிலிக்கன் வேலை செய்வது பெரும்பாலும் சார்ஜ் தீரும் கடைசிக் கட்டத்தில். ஒவ்வொரு முறையும் அது நன்றாக ஊதிச் சுருங்கும். அந்த வகைப் போனை வைத்திருப்பவர்கள் தினமும் 5 வரை இறக்காமல் 15, 20-ல் சொருகுவதில் அர்த்தம் உண்டு. சிலிக்கன் பேட்டரி போன்கள் சந்தைக்கு வந்து சில வருடங்களே ஆகின்றன, அதனால் ஐந்து வருட அனுபவத்தோடு யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

"இத்தனை சைக்கிள்" என்று கம்பெனிகள் சொல்வதை எப்படி எண்ணுவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. சொருகும் தடவையை எண்ணுவதில்லை. செலவழித்த சார்ஜ் மொத்தமாக 100% ஆனால் ஒரு சைக்கிள். இன்றைக்கு 50, நாளைக்கு 50 என்றால் இரண்டு நாளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களின் பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80% தாங்க வேண்டும் என்பது விதி. ஆப்பிள் ஐபோன் 14 வரை 500 சைக்கிள் என்றும், 15 முதல் 1000 என்றும் கணக்குச் சொல்கிறது. நீங்கள் தினமும் 70% செலவழித்தால் வருடத்துக்கு 255 சைக்கிள். 800 ஆக மூன்று வருடம் சொச்சம். அதையே 50%-க்கு இறக்கினால் நாலு வருடத்துக்கு மேல். ஆக, குறைவாகச் செலவழிப்பதும் பேட்டரிப் பராமரிப்புத்தான். திரை வெளிச்சத்தை ஆட்டோவில் விடுவது, சிக்னல் ஒரு புள்ளி மட்டும் காட்டும் வீட்டில் மொபைல் டேட்டாவுக்குப் பதில் வைஃபை போடுவது, 5ஜி தடுமாறும் இடத்தில் 4ஜிக்கு மாற்றுவது ஆகிய மூன்றும் கணிசமாக மிச்சப்படுத்தும். பலவீனமான சிக்னலைத் தேடிப் பிடிக்கப் போன் செய்யும் செலவு பலருக்குத் தெரிவதில்லை.

கடைக்காரர் சொன்ன எட்டு மணி நேரமும் ஜீரோவும் நிக்கல் காட்மியம் காலத்துச் சங்கதி. அந்தப் பேட்டரிகளைப் பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் கொள்ளளவு குறைந்ததுபோல நடந்துகொள்ளும், "மெமரி" என்பார்கள். 1991-ல் சோனி லித்தியம் அயான் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே இதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது. ஆனாலும் கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தலாம்.

67 வாட்டைப் பற்றி. உங்கள் பேட்டரி மொத்தமே ஏறக்குறைய 19 வாட் மணி, அதாவது 19 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. அதற்குள் 67 வாட்டைத் தொடர்ந்து தள்ள முடியாது. பவர் மீட்டர் சொருகிப் பார்த்தால் கதை தெரியும்: பேட்டரி காலியாக இருக்கும் முதல் சில நிமிடங்கள் மட்டும் எண் உச்சத்தை ஒட்டி நிற்கும், பாதி நிரம்பும் முன்பே இறங்கத் தொடங்கும், 80-ஐத் தாண்டியதும் பத்து, பதினைந்து வாட்டுக்கு வந்துவிடும், 95-க்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான். மேலே போகப் போகக் கிராஃபைட்டுக்குள் இடம் குறையும். அவசரமாகத் தள்ளினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் சிப் வேகத்தை இறக்குகிறது. பல வேகச் சார்ஜ் போன்களில் ஒரே பெரிய செல்லுக்குப் பதில் இரண்டு பாதி செல்களை வைத்துச் சுமையைப் பிரிக்கிறார்கள். ஆகையால் கம்பெனி கொடுத்த சார்ஜரால் பேட்டரி கெட்டுவிடும் என்று அதைப் பெட்டியிலேயே பூட்டி வைக்க வேண்டாம். வேகச் சார்ஜ் தரும் கூடுதல் தேய்மானம் பெரும்பாலும் அது தரும் சூட்டின் வழியாக வருவது. சூட்டை அடக்கினால் வித்தியாசமும் அடங்கும். அவசரமில்லாத ராத்திரியில் பழைய 10 வாட் சார்ஜர் போதும். மேலே சொன்ன உலோகப் படிவு குளிரில் இன்னும் சுலபமாக நடக்கும். சமவெளியில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஜனவரி விடியற்காலையில் ஊட்டியில் வண்டியிலேயே கிடந்து ஜில்லிட்ட போனை மட்டும் அறைக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு சொருகுங்கள்.

சார்ஜரும் கேபிளும் பேட்டரி ஆயுளைவிடப் பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் இதில் சமரசம் வேண்டாம். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், அதனோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் "65 வாட்" அடாப்டரில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. வேறு கம்பெனியின் தரமான டைப் சி சார்ஜரைப் போட்டால் பேட்டரிக்குக் கேடில்லை. இரண்டும் பேசிக்கொண்டு பொதுவான வேகத்துக்கு இறங்கும், உங்கள் 67 வாட் 18 ஆகவோ 10 ஆகவோ ஆகலாம், அவ்வளவுதான். திடீரென்று மெதுவாக ஏறத் தொடங்கினால் முதலில் போனின் சொருகு துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே அமுங்கி அடையாகியிருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுக்கலாம்; குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் பின்களைச் சுரண்டிவிடும். சுவர் சாக்கெட்டில் அடாப்டர் தொளதொளவென்று ஆடினால் அங்கேயும் சூடு பிறக்கும், சாக்கெட்டை மாற்றுங்கள்.

சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுவது, ஒரு மணி நேரம் வீடியோ காலில் இருப்பது இரண்டும் புராசசர் சூட்டையும் சார்ஜ் சூட்டையும் ஒரே நேரத்தில் சேர்ப்பவை. சில கேமிங் போன்களிலும் சாம்சங்கின் சில மாடல்களிலும் பேட்டரியைத் தொடாமல் சார்ஜரிலிருந்து நேராகப் போனை ஓட்டும் வசதி உண்டு, இருந்தால் பயன்படுத்துங்கள். வயர்லெஸ் சார்ஜிங்கில் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகவே போகிறது, அதுவும் போனின் முதுகில். தட்டில் கொஞ்சம் விலகி வைத்தால் சூடு இன்னும் கூடும். சௌகரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிப் பழக்கத்துக்கு வயரே மேல்.

பேட்டரி ஹெல்த் என்று காட்டும் சதவீதத்தை ரத்தப் பரிசோதனை முடிவுபோலப் படிக்காதீர்கள். அது அளவீடு கிடையாது, மதிப்பீடு. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை ஒரு சிப் கூட்டிக் கழித்து, மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. பல மாதம் 100-லேயே நின்றுவிட்டு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இறங்குவதும் சகஜம். நீங்கள் பார்க்க வேண்டியது நடத்தையை: 20% காட்டும்போதே போன் திடீரென்று அணைகிறதா, 40-லிருந்து 28-க்குக் குதிக்கிறதா. அப்படியென்றால் முதலில் ஒரே ஒரு தடவை தானாக அணையும் வரை விட்டு, இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றிப் பாருங்கள். மீட்டர் பிசகியிருந்தால் இதில் சரியாகிவிடும். இது மீட்டருக்கான மருந்து மட்டும். பேட்டரிக்கு இதனால் ஆயுள் கூடாது, மாதாமாதம் செய்யவும் வேண்டாம். அதற்குப் பிறகும் அணைந்தால் உள்தடை ஏறிவிட்டது. கேமராவைத் திறந்ததும் கேட்கும் மின்னோட்டத்தைச் செல்லால் கொடுக்க முடியவில்லை. பேட்டரியை மாற்றும் நேரம் அது. எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது.

ஸ்பேர் போன் ஏதாவது வீட்டில் இருந்தால் 50% அளவுக்கு ஏற்றி, முழுதாக அணைத்து, சமையலறை பக்கம் வைக்காமல் வேறு அறையில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி 50-க்கு ஏற்றி வையுங்கள்.

கடைசியாக, இந்தச் சதவீதக் கணக்குகளுக்கெல்லாம் அப்பாற்பட்ட ஒன்று. மேசையில் மல்லாத்தி வைத்த போன் பம்பரம்போலச் சுற்றினாலோ, பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விலகினாலோ, திரை நடுவில் மேடாகத் தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே சேர்ந்த வாயு அது. அதற்கு மேல் ஒரு தடவைகூடச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்திக் காற்றை இறக்க முயலவே வேண்டாம். அணைத்து, எரியக்கூடிய பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். மாற்றும்போது கம்பெனியின் அசல் பேட்டரிதானா என்று கேட்டு, பில் வாங்குங்கள். கழற்றிய பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை வண்டியின் அழுத்தத்தில் தீப்பிடிக்கலாம். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன, அதனால் அதைச் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வரலாம்.